14 நாள் கப்பலில்: அக்காவுக்கும் அத்தானுக்கும் எந்த வழி சரி?

போன மாதம் அக்கா திருச்சியிலிருந்து போன் செய்தாள். "உங்க அத்தானுக்கு அடுத்த ஜூன்ல 72 முடியுதுடீ. ஒரு தடவையாவது கப்பல்ல பத்துப் பதினஞ்சு நாள் போய்ட்டு வரணும்ங்கறார். ஏஜென்ட் மூணு பயணம் எழுதிக் கொடுத்திருக்கார். மூணுமே நல்லாத்தான் தெரியுது. நீ போயிருக்கே இல்ல, எதுன்னு சொல்லு."

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதியே அனுப்புகிறேன் என்றேன். எழுத ஆரம்பித்த பிறகு, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவுமே என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிட்டேன்.

போகிறவர் யார் என்று தெரியாமல் யோசனை சொல்ல முடியாது. அத்தான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 35 வருடம் வேலை பார்த்தவர். கிரேன், எஞ்சின், சங்கிலி எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். அக்காவுக்கு 67. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வாள். முன்பின் தெரியாதவர்களிடமும் பத்து நிமிடத்தில் ஊர், பிள்ளைகள், மருமகள் எல்லாம் விசாரித்துவிடுவாள்.

ஏஜென்ட் கொடுத்த மூன்று வழிகள் இவை. ஒன்று, மத்தியதரைக் கடலில் பெரிய கப்பலில் 14 இரவு: 7 இரவுச் சுற்றுகள் இரண்டைச் சேர்த்தது. இரண்டு, நவம்பரில் பார்சிலோனாவிலிருந்து மயாமிக்கு அட்லாண்டிக்கைக் கடக்கும் 14 இரவு. மூன்று, நார்வே கடலோரமாக பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் 12 நாள். பின்னிரண்டையும் நானும் என் கணவரும் போய் வந்திருக்கிறோம். முதலாவது என் நாத்தனார் குடும்பம் போனது. அவள் தினமும் அனுப்பிய குரல் செய்திகளை வைத்தே அந்தக் கப்பலின் வரைபடத்தை நான் வரைந்துவிடுவேன்.

அத்தான் அலாஸ்காவையும் கேட்டிருந்தார். அதை நானே அடித்துவிட்டேன். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வேறு நாட்டைத் தொடாமல், இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்று 1886-இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் இருக்கிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பினாலும் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று வேண்டும். அதனால்தான் சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நிற்கின்றன. நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சில மணி நேரத்துக்காக கனடா விசாவும் எடுக்க வேண்டும்.

எல்லாக் கப்பலிலும் கிடைக்கும் சுகம்

பெட்டியை ஒரு தடவை பிரித்து அலமாரியில் அடுக்கினால் அப்புறம் கடைசி இரவுதான் மூட வேண்டும். 60 வயதுக்கு மேல் இதைவிடப் பெரிய சுகம் பயணத்தில் கிடையாது. ஐரோப்பாவில் பேருந்துச் சுற்றுலா போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: காலை 6 மணிக்கு எழுந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே வந்து, ராத்திரி வேறு ஊரில் வேறு கட்டில். கப்பலில் நாம் தூங்கும்போது ஊர் நகர்ந்து நம்மிடம் வருகிறது. முழங்கால் வலித்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். பால்கனியிலோ மேல்தளத்திலோ உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் "சீக்கிரம், பஸ் கிளம்புது" என்று அவசரப்படுத்த மாட்டார்கள்.

அறையைச் சுத்தம் செய்கிறவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவர் எல்லாம் பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இந்தியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, வார விடுமுறையே இல்லாமல் வேலை பார்க்கிறார்கள். எங்கள் அட்லாண்டிக் பயணத்தில் மேசைக்கு வந்த கோவாப் பையன், நாங்கள் சைவம் என்று தெரிந்த இரண்டாம் நாளிலிருந்து, மெனுவில் இல்லாத ஒரு பருப்பும் காய்கறியும் தினமும் கொண்டுவந்து வைத்தான். அம்மா கை மணம் இல்லைதான். ஆனால் அதில் இருந்த அக்கறை ருசியாக இருந்தது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் எண்ண வேண்டியது, கப்பலில் எத்தனை சறுக்குமரம், எத்தனை உணவகம் என்பதை அல்ல. கரையே தெரியாத நாள் எத்தனை, அந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைத்தான். நீண்ட கப்பல் பயணத்தின் சுகம், எரிச்சல் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: இறங்க முடியாது. இறங்க முடியாததால்தான் உடம்பும் மனசும் ஓய்கின்றன. இறங்க முடியாததால்தான் ஐந்தாம் நாள் பக்கத்து மேசைக்காரரின் சிரிப்புச் சத்தமும் தாங்கவில்லை.

அட்லாண்டிக்: ஏழு நாள் தண்ணீர்

இது ஏன் மலிவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஐரோப்பாவில் ஓடும் கப்பல்கள் குளிர்காலத்தில் கரீபியனுக்குப் போக வேண்டும். காலியாகப் போவதற்குப் பதில் குறைந்த விலைக்கு ஆட்களை ஏற்றிக்கொள்கிறார்கள். வசந்த காலத்தில் கிழக்கே, இலையுதிர் காலத்தில் மேற்கே. ஒரு நாளுக்கு என்று கணக்குப் பார்த்தால் பெரிய கப்பலில் இதைவிடக் குறைவாக அறை கிடைப்பது அபூர்வம்.

நாங்கள் பார்சிலோனாவில் ஏறி, ஸ்பெயினின் தென்கரையில் ஓரிரு ஊர்கள், அப்புறம் கேனரித் தீவு. அங்கிருந்து மயாமி வரை ஏழு நாள் வேறெதுவும் இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல். 1492-இல் கொலம்பஸும் இதே கேனரித் தீவுகளிலிருந்துதான் மேற்கே திரும்பினார். கரையைப் பார்க்க அவருக்கு 36 நாள் ஆயிற்று. பின்னாலிருந்து வீசும் அதே வாணிபக் காற்றுதான் எங்களுக்கும். நாளுக்கு நாள் வெயில் ஏறிக்கொண்டே போனது. ஸ்வெட்டரோடு ஏறியவர்கள் ஐந்தாம் நாள் பருத்திச் சட்டையோடு உலவினார்கள்.

கடல் நாள் எப்படியிருக்கும் என்று அக்கா கேட்டாள். முதல் நாள் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். இரண்டாம் நாள் போன் பைக்குள் போய்விடுகிறது. மூன்றாம் நாள் என் கணவர், பத்து வருடமாகப் படிக்க நினைத்த தடித்த புத்தகத்தை எடுத்தார். நான்காம் நாள் அதிகாலையில் நான் தனியாக நடைதளத்தில் நின்றபோது, கப்பலின் முன்பக்கம் கிழித்த அலையிலிருந்து வெள்ளிக் காசுகளை வாரி இறைத்தது போல மீன்கள் பறந்தன. நம் நாகப்பட்டினம் பக்கம் பறவைக் கோலா என்கிறார்களே, அந்த இனம். அரை நிமிடம் பறந்து தண்ணீருக்குள் போய்விட்டன. சொல்ல ஆளில்லை, காட்டப் படமில்லை. அந்தக் காலையை இப்போதும் கையில் வைத்திருப்பது போல உணர்கிறேன்.

இன்னொரு பெரிய சுகம் கடிகாரம். மேற்கே போகும்போது ஆறு இரவுகளில் ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். 25 மணி நேர நாள், ஆறு தடவை. கிழக்கே போகும் பயணத்தில் இதே ஆறு மணி நேரத்தை இழக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது உடம்பைப் போட்டு அடிக்கும். அட்லாண்டிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் மேற்கு நோக்கிப் போவதையே எடுங்கள்.

எரிச்சல்களுக்கு வருகிறேன். எங்கள் அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. காலை 5 மணிக்கு மேலே சாய்வு நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்து வரிசைப்படுத்துவார்கள். 14 நாளும் இதே அலாரம். வரவேற்பு மேசையில் மூன்று தடவை சொன்னேன். கப்பல் நிறைந்திருக்கிறது, மாற்ற அறை இல்லை என்றார்கள். அப்புறம் அந்த நாற்காலிகளையே 7 மணிக்குள் துண்டு போட்டுப் பிடித்துவிடுவார்கள், 11 மணிக்குத்தான் ஆள் வருவார். ஐந்தாம் நாள் தியேட்டரில் ஒருவர் இருமினார். எட்டாம் நாள் பாதிக் கப்பல் இருமியது, என் கணவரையும் சேர்த்து. கப்பல் டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவர் கட்டணம் டாலரில்.

வயிற்றுப்போக்கு, வாந்தி வரவைக்கும் நோரோ வைரஸ் கப்பல்களில் சட்டென்று பரவும். வாசலில் வைத்திருக்கும் சானிட்டைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வழி. சாப்பிடுவதற்கு முன் கை கழுவுவது நமக்குப் பழக்கம்தான். பஃபேயில் எல்லோரும் தொட்ட கரண்டியைத் தொட்ட பிறகும் கழுவ வேண்டும் என்பதுதான் புதிது.

அத்தான் விஷயத்தில் என்னை யோசிக்கவைத்தது வேறு. கரையிலிருந்து சில நூறு மைல் வரைதான் ஹெலிகாப்டர் வந்து ஆளைத் தூக்கிப் போக முடியும். அட்லாண்டிக் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று நாள், எது நடந்தாலும் கப்பலில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிதான். ஸ்டென்ட் வைத்தவர்களும், சர்க்கரை ஏறி இறங்குகிறவர்களும் தங்கள் டாக்டரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். அத்தானுக்கு 2019-இல் ஸ்டென்ட் வைத்தார்கள்.

விசாவும் இரண்டு வேண்டும்: ஏறும் இடத்துக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா), இறங்கும் இடத்துக்கு அமெரிக்கா. அதற்கு நேர்காணல் தேதி கிடைப்பதே ஒரு வேலை. விமானத்திலும் ஒரு ஊருக்குப் போய் வேறொரு கண்டத்திலிருந்து திரும்ப வேண்டும். அறையில் மிச்சம் பிடித்த பணத்தில் கணிசமான பகுதி அங்கே போய்விடும்.

மத்தியதரைக் கடல்: தினம் ஒரு ஊர்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடல் நாள் மிகக் குறைவு. தினமும் காலை கண் விழித்தால் புது ஊர். அக்காவுக்குப் பிடித்த கூட்டம், பாட்டு, நடனம், மேடை எல்லாம் உண்டு. இந்தக் கடலில் ஓடும் கப்பல்களில் சில ஆறாயிரம் பேருக்கு மேல் ஏற்றுகின்றன. மணப்பாறைச் சந்தைக் கூட்டத்தை 20 மாடிக் கட்டடத்துக்குள் வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பார்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பு, வெளியே வர வரிசை, பேருந்துக்கு வரிசை, மாலை திரும்பும்போது பைகளைச் சோதிக்க வரிசை. என் நாத்தனாரின் குரல் செய்திகளில் பாதி ஏதோ ஒரு வரிசையில் நின்றபடி பேசியவை.

ஏஜென்ட் தாளில் "ரோம்" என்று எழுதியிருந்தால் அது ரோம் இல்லை. கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து 70, 80 கிலோமீட்டர். "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. அதுவும் அதே அளவு தூரம். "வெனிஸ்" என்று போட்டிருந்தால் கட்டாயம் எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் போக முடியாது. பல கப்பல்கள் ராவென்னாவிலோ த்ரியெஸ்தேயிலோ நிற்கின்றன. 12 மணி நேரம் நின்றாலும் போக, வரப் பேருந்து நேரம் போனால் ஊருக்கு மிஞ்சுவது ஐந்து, ஆறு மணி நேரம். அதையும் கருங்கல் பாவிய தெருவில் நடக்க வேண்டும். கிரேக்கத் தீவான சாந்தோரினியில் படகில் கரைக்குப் போய், அங்கிருந்து கேபிள் கார் வரிசை, இல்லையென்றால் சுமார் 600 படி. முழங்கால்காரருக்கு மால்டாவின் வலெட்டா மட்டும் விதிவிலக்கு: துறைமுக மட்டத்திலிருந்து மேல் நகரத்துக்கு ஏற 58 மீட்டர் உயர லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் சொல்லாத இன்னொன்று, 7 இரவுச் சுற்றை இரண்டு தடவை சேர்க்கும்போது சில துறைமுகங்கள் திரும்ப வரும், மேடை நிகழ்ச்சிகளும் திரும்ப வரும். துருக்கி வழியாகப் போனால் அதற்குத் தனி விசா வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியே போய் உள்ளே வருவதால் ஷெங்கனும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். ஒரு வாரமாக, பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த வழி அருமை. நாத்தனாரின் பையன்கள் இன்னும் அதையே பேசுகிறார்கள். இரண்டு வாரம் ஓய்வாக இருக்கப் போகிற 72 வயதுக்காரருக்கு இது சரிப்படாது.

நார்வே: வேலைக்குப் போகும் கப்பல்

இதைச் சொகுசுக் கப்பல் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். இது முதலில் தபால் கப்பல். சாலையில்லாத வடக்கு ஊர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் 1893 ஜூலையில் த்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு வாராவாரம் கப்பல் ஓட்ட ஆரம்பித்தார். அந்த ஹுர்திருத்தன் வழித்தடம் இன்றும் ஓடுகிறது. இப்போது 11 கப்பல்கள்: ஏழு ஹுர்திருத்தன் நிறுவனத்துடையவை, நான்கு 2021-இல் வந்த ஹாவிலா நிறுவனத்துடையவை. 34 துறைமுகங்கள். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, உள்ளூர்க்காரர் ஒருவர் மளிகைப் பையோடு ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவார்.

சில ஊர்களில் 15 நிமிடம்தான். கப்பல் அணைந்ததும் பக்கவாட்டுக் கதவு திறக்கும். மஞ்சள் சட்டைக்காரர் ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு வருவார். மீன் பெட்டிகள், ஒரு சைக்கிள், பெயின்ட் டின்கள், ஒரு தடவை ஒரு புத்தம் புது சோபா. 15 நிமிடத்தில் எல்லாம் முடிந்து கதவு மூடும், சங்கு ஊதும், கிளம்பிவிடும். எனக்கே அதைப் பார்க்க அலுக்கவில்லை என்றால் பொன்மலையில் 35 வருடம் இருந்தவர் அங்கிருந்து நகரமாட்டார். வடக்கே போகும்போது இரவில் கடந்த ஊர்களைத் தெற்கே திரும்பும்போது பகலில் பார்க்கலாம். அதனால்தான் பாதி வழியில் இறங்கி விமானம் பிடிக்க வேண்டாம், முழுச் சுற்றும் போங்கள் என்கிறேன்.

கரை தெரியாத நாள் இங்கே ஒன்றுகூட இல்லை. சில மணி நேரம் திறந்த கடல் வரும். ஸ்டாட் முனை, லோஃபோத்தன் தீவுகளுக்கு முன்னால் வெஸ்ட்ஃபியோர்டு, வடக்கே பாரென்ட்ஸ் கடலோரம். கப்பல் 500, 600 பேர் அளவுதான், எனவே அங்கே ஆட்டம் நன்றாகத் தெரியும். மற்ற நேரம் இருபுறமும் மலை. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த த்ரோல்ஃபியோர்டுக்குள் நுழையும்போது வாய் 100 மீட்டர் அகலம்தான். அருவியின் சாரல் கையில் படுமோ என்று தோன்றும். நான்காம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்னத் தீவில் இரும்பு உருண்டை வைத்திருக்கிறார்கள். தாண்டியவர்களின் சட்டைக் காலருக்குள் ஒரு கரண்டி ஐஸ் போடுவது வழக்கம். வேண்டாமென்றால் தலையசைத்துவிடலாம் அக்கா.

லோஃபோத்தனில் பிப்ரவரியிலிருந்து மே வரை காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். உப்பே போடுவதில்லை; குளிர்காற்றே காயவைத்துவிடுகிறது. நம் கடற்கரை ஊர்களில் கருவாடு காயும் வெயிலையும் இந்தக் குளிரையும் சேர்த்து நினைத்தபோது, இரண்டு கடலோரத்துக்காரர்களும் ஒரே கணக்கைத்தானே போட்டிருக்கிறார்கள் என்று மனசு நெகிழ்ந்தது. நீங்கள் ஜூனில் போவதால் பெரும்பாலும் காலிச் சட்டங்கள்தான் நிற்கும். அக்காவின் மூக்குக்கு அது நல்லதே. ஜூனில் வடக்கே சூரியன் மறையவே மறையாது. திரைச்சீலையை இறுக்கி மூடி, கண்பட்டியும் கட்டிக்கொள்ள வேண்டும். கிர்கெனெஸ் போனால் நீங்கள் இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருப்பீர்கள். ரஷ்ய எல்லை கொஞ்ச தூரத்தில்.

குறைகளும் இருக்கின்றன. இரவு மேடை நிகழ்ச்சி கிடையாது. அக்காவுக்குப் பேச ஆள் உண்டு, ஆனால் கூட்டம் கிடையாது. இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் துறைமுகம் வரும். பக்கவாட்டு உந்துவிசை எஞ்சின் ஓடும்போது கட்டிலே அதிரும். நார்வேயில் எல்லாமே விலை. கரைச் சுற்றுலாக்கள் கூடுதல் விலை. சாப்பாடு மீனும் கலைமான் இறைச்சியும் பெருமைப்படும் சமையல். சைவம் என்று முன்கூட்டியே எழுதிச் சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள். முட்டையும் கூடாது என்பதைத் தனி வரியில் எழுதுங்கள், அவர்கள் கணக்கில் முட்டை சைவம். உருளைக்கிழங்கு, கேரட், பார்லி என்றே சுற்றிச் சுற்றி வரும். காலையில் பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி வைப்பார்கள். நாக்கில் வைத்ததும் திரட்டுப்பால் நினைவு வந்தது. வெறும் தயிரும் கிடைக்கும். அரிசிச் சோறு அமைகிற நாளில் தயிர் சாதம் பிசைந்துகொள்ளலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இவற்றைக் கடையில் விற்கும் முத்திரை போட்ட பாக்கெட்டாக எடுத்துப் போங்கள். மின் கெட்டில் வேண்டாம்; அநேகமாக எந்தக் கப்பலிலும் தீ ஆபத்து என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விசா எளிது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. கப்பல் நாட்டை விட்டு வெளியே போகாததால் ஒருமுறை நுழையும் விசாவே போதும். பெர்கனில் ஏறி பெர்கனிலேயே இறங்குவதால் விமானத்துக்கும் போக வர ஒரே டிக்கெட். த்ரோண்ட்ஹெய்ம், பூடோ, த்ரோம்சோ என்று பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊர்கள் வழியெல்லாம் வருகின்றன. அந்த ஸ்டென்ட்டை நினைத்தால் எனக்கு நிம்மதி தருவது இதுதான்.

பணமும் பயமும்

அமெரிக்க வழக்கில் ஓடும் பெரிய கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ் தனியாகக் கணக்கில் ஏறும்: ஆளுக்கு, நாளுக்கு 16 முதல் 20 டாலர். இரண்டு பேருக்கு 14 இரவு என்றால் சுமார் 500 டாலர். இன்டர்நெட், துணி துவைக்க, குளிர்பானம், போட்டோ எல்லாம் தனி. துணியை நாங்கள் குளியலறையிலேயே அலசிக் காயப்போட்டோம். அறைச் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். நாலு வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கப்பலிலும் உதவும். நார்வேக் கப்பலில் டிப்ஸ் கட்டாயமில்லை.

புயலோ காற்றோ என்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு. துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். ஒரே ஒரு ஊரைப் பார்க்கவே போகிறேன் என்று யாரும் கப்பல் ஏறக் கூடாது. இன்ஷூரன்ஸ் வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கும், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குவதற்கும் பணம் தருவார்களா என்று இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"மூழ்கிடாதேடீ?" என்று அக்கா தயங்கிக் கேட்டாள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கன்கார்டியா இத்தாலியில் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். பயிற்சிக்குக் கூப்பிடும்போது சாக்குச் சொல்லாமல் போய், உங்கள் கூடும் இடத்துக்கு எந்தப் படிக்கட்டு என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். லிஃப்டை அப்போது நம்பக் கூடாது.

குமட்டலுக்கு அவோமின் மாத்திரை, டாக்டரைக் கேட்டுவிட்டு. அதைவிட முக்கியம் அறை இருக்கும் இடம். ஊஞ்சலில் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான்: நீளவாக்கில் நடுவில், உயரத்தில் கீழே இருக்கும் அறை குறைவாக ஆடும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளமாகப் பார்க்க வேண்டும் என்பது 14 நாள் நாற்காலிச் சத்தத்தில் நான் கற்றது. அட்லாண்டிக்கில் பால்கனி வேண்டும், ஏழு நாள் தண்ணீரை மட்டும் பார்க்க அது ஒரு சொந்த வாசல். மத்தியதரைக் கடலில் ஜன்னலே இல்லாத உள்ளறை போதும், அறையில் இருக்கவே நேரமிருக்காது. நார்வேயில் ஜன்னல் போதும். காட்சியைப் பார்க்க எல்லோரும் மேல்தளக் கண்ணாடிக் கூடத்துக்குத்தான் போவார்கள்.

அதனால் அத்தானுக்கும் அக்காவுக்கும் நான் சொல்வது நார்வே, ஜூன் மாதம், முழுச் சுற்று. இரண்டு நாள் முன்னதாகவே பெர்கன் போய் உடம்பைச் சரிப்படுத்திக்கொண்டு ஏறுங்கள். எல்லாம் சேர்த்து 14 நாளும் அப்போது நிறைந்துவிடும். அட்லாண்டிக்கை எனக்கு மறுபடியும் போகத் தோன்றுகிறது. ஆனால் இந்த இரண்டு பேருக்கு அது வேண்டாம்.

நேற்று ராத்திரி இருவரும் போனில் அறையைப் பற்றித் தகராறு. சரக்குக் கதவுக்கு மேலேயே அறை வேண்டும், படுத்தபடியே சத்தம் கேட்கலாம் என்கிறார் அத்தான். அக்கா, "எனக்குத் தூக்கம் போயிடும், முடியாது" என்கிறாள். தள வரைபடத்தைத் திறந்து மூன்று பேரும் ஒரு மணி நேரம் பார்த்தோம். கடைசியில் கதவுக்கு எதிர்ப் பக்கம், நடுக்கப்பலில், ஜன்னலுள்ள ஓர் அறையைக் குறித்து ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். வாசல் பக்கம் இருக்கும் கட்டில் அத்தானுக்கு. 2 மணிக்குத் துறைமுகம் வந்தால் விளக்குப் போடாமல் எழுந்து, ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.